சுவர் ஊறினால் பழி யார் மேல்?

தோழர்களே, பழைய வாடகை வீட்டில் சுவர் ஓதம் காத்தால் வீட்டுக்காரரின் பார்வை முதலில் குடியிருப்பவர்கள் மேல்தான் விழும். "தண்ணி அதிகமா புழங்குறீங்க, கறி ஆக்குறீங்க, ஜன்னலைத் தொறக்கறதே இல்ல" என்பார். சுத்தமில்லாதவர்கள் என்று காலங்காலமாக நம்மேல் சுமத்தப்படும் பழிதான் இதற்குள்ளும் ஒளிந்திருக்கிறது.

வடசென்னையில் நாங்கள் குடும்பத்தோடு இருக்கும் வீட்டுக்கு மூன்று படி இறங்கிப் போக வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே மறுபடி மறுபடி தார் போட்டதில் தெரு உயர்ந்து, முன்னறை பாதி நிலவறையாகிவிட்டது. "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுப் பல வீடுகள் கதவை மூடிய பிறகு எங்களுக்குக் கிடைத்த வீடு இது. வெளிநாட்டில் படித்துவிட்டு 1917இல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கரே தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். நூறு ஆண்டு கடந்தும் கேள்வி மாறவில்லை. பள்ளத்து வீடுகள் யாருக்கு மிஞ்சுகின்றன என்று சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகள் கணக்கெடுத்துப் பார்க்கலாம்.

குழந்தைக்கு இளைப்பு வந்தபோது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தோம். ஓதத்துக்கு முக்கியமாக மூன்று வழிகள். மண்ணின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றும். குழாயோ மழைநீரோ கசியும். அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படியும். சோதனை எளிது. ஒரு சதுர அடி அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் பின்பக்கம் நனைந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. முன்பக்கம் நனைந்தால் காற்றிலிருந்து.

முன்னறையில் பின்பக்கம் நனைந்தது. தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை உப்பும் பூத்திருந்தது. அது மண்ணின் வேலை. பின்னறையில் முன்பக்கம் நனைந்தது. அங்கேதான் துணி காயப்போட்டிருந்தோம். ஒரு வாளித் துணி காய்ந்தால் லிட்டர் கணக்கில் தண்ணீர் காற்றில் கலக்கும். துணியை ஏன் வீட்டுக்குள் காயப்போட்டோம்? மாடிக்கு வரக்கூடாது என்று சொன்னதே வீட்டுக்காரர்தான். மாடியை மறுத்தவரே ஓதத்துக்கும் எங்களைக் குறை சொன்னார்.

இரண்டு தாளையும் காட்டிப் பேசினோம். மாடிக் கொடி கிடைத்தது. அடிச்சுவரின் சிமெண்ட் பூச்சைக் கொத்திவிட்டு, ஈரம் வெளியேற இடம்தரும் சுண்ணாம்புப் பூச்சு பூசினார். மழைநீர்க் குழாயின் வாயைச் சுவரைவிட்டுத் தள்ளி வைத்தார். நாங்கள் பீரோவை நாலு அங்குலம் நகர்த்தினோம். சமையலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டோம். மழை நாளில் ஜன்னலைத் திறந்தால் ஈரக்காற்றுதான் வரும் என்பதால் வெயிலேறிய பிறகே திறக்கிறோம். பூஞ்சை வெகுவாகக் குறைந்தது. ஆனால் அடித்தளத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு இல்லாத சுவர் முழுதாகக் காயாது. பிளாஸ்டிக் பெயிண்டோ டைல்ஸோ அதை மறைக்கத்தான் செய்யும். உள்ளே ஈரம் இன்னும் மேலே ஏறும்.

ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லைகளும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே வழிகாட்டி நூல் வெளியிட்டது. 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவர் உண்டாக்கிய சேதம் தவிர்த்த கட்டுமானப் பழுதுகளைச் சரிசெய்வதும் வெள்ளையடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு.

வீடு தேடும் தோழர்களே, ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். குடிபுகும் நாளிலேயே ஒவ்வொரு சுவரையும் தேதியோடு படம் எடுங்கள். பழுதை வாட்ஸ்அப்பிலாவது எழுதித் தெரிவியுங்கள். உங்கள் சமையலைப் பற்றிப் பேச்சு வந்தால், அலுமினியத் தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பதில் சொல்லுங்கள்.