ஏற்காட்டில் ஓய்வுக்காலம்: குளிர் இலவசம், மற்றதெல்லாம் கணக்கு

சித்திரை பிறந்துவிட்டால் சேலத்தில் ஃபேன் காற்றே சூடாகத்தான் வரும். நாமக்கல், ராசிபுரம் பக்கம் கேட்கவே வேண்டாம். அந்த வெயிலில்தான், பணி ஓய்வை நெருங்கும் தம்பதியர் இருக்கும் வீடுகளில் அந்தப் பேச்சு கிளம்பும்: "ரிட்டயர் ஆனதும் பேசாம ஏற்காட்டுக்குப் போயிடலாமா?"

உலகத்தில் பல நாட்டுக்காரர்கள் இதே கேள்வியைக் கடற்கரையைப் பார்த்துக் கேட்கிறார்கள். தாய்லாந்தில் ஹுவா ஹின் என்றொரு கடலோர ஊர். 1924-ல் திறந்த பழைய கோல்ஃப் மைதானம் அங்கே இருக்கிறது. 50 வயது தாண்டிய வெளிநாட்டவர், வங்கியில் 8 லட்சம் பாட் வைத்திருந்தால் ஓய்வு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். சொந்த ஊரைவிடச் செலவு குறைவு என்று கணக்குப் போட்டு வந்து தங்குகிறவர்கள் நிறைய. சேலத்துக்காரர்களுக்குக் கடலும் தூரம், கோல்ஃபும் தூரம். அவர்களுக்கு மலைதான் கடற்கரை. நகரிலிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம், 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏரியும் காடுமாக ஒரு ஊர்.

இது புதிய ஆசையும் இல்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் மேலே போய்க் காபிச் செடி வைத்ததிலிருந்தே வெயிலுக்குப் பயந்து மலையேறுவது தொடங்கிவிட்டது. பின்னால் ஓய்வுக்காலத்துக்கு என்றே சிலர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கியவர். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர். 1882-ல் அவர் காலமானது ஏற்காட்டில். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட்டை இன்னும் பலருக்குத் தெரிந்திருக்கும். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த புவியியலாளர் அவர்தான். வேலையெல்லாம் முடித்த பிறகு ஏற்காட்டில் வீடு வைத்துக்கொண்டு, சேர்வராயன் மலையிலும் கல்லாயுதம் தேடினார். 1912-ல் அவர் இறந்தது கல்கத்தாவில். ஆனால் அஸ்தி வந்து சேர்ந்தது ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு. சும்மா உட்கார்ந்து ஏரியைப் பார்க்க வந்தவராகத் தெரியவில்லை. மலையில் அவருக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. இங்கே வந்து குடியேற நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. படகுத் துறை, லேடிஸ் சீட், பகோடா பாயிண்ட், கிள்ளியூர் அருவி எல்லாம் முதல் வாரத்தோடு தீர்ந்துவிடும்.

சரி, காசு விஷயத்துக்கு வரலாம். அரசுப் பென்ஷன் இல்லாத ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். கடை வைத்திருந்தவராக இருக்கலாம், லாரி பாடி பட்டறையை மகனிடம் ஒப்படைத்தவராக இருக்கலாம். கையில் 35 லட்சம் ரூபாய். 20 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 2025-ல் இருந்த 8.2 சதவீத வட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் வரும். மீதி 15 லட்சத்தை இருவர் பெயரிலும் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போட்டால், 7.4 சதவீதத்தில் மாதம் 9,250. இரண்டும் சேர்த்து மாதத்துக்கு ஏறக்குறைய 22,900 ரூபாய். இரண்டுமே ஐந்து வருடத் திட்டங்கள். அந்த ஐந்து வருடமும் வட்டி மாறாது, விலைவாசி மாறும்.

இந்தப் பணத்தில் சேலத்தில் சொந்த வீட்டில் இருக்கும் இருவர் நிதானமாக வாழலாம். மேலே போனால் கணக்கு கொஞ்சம் இறுகும். ஏ.சி. கரண்ட் பில் போய்விடும், உண்மைதான். ஆனால் கீழே விளையும் காய்கறியும் மளிகையும் வண்டிச் சத்தம் கொடுத்துத்தான் மலையேறி வருகின்றன. சனி, ஞாயிறு சுற்றுலாக் கூட்டத்துக்கு நாள் வாடகைக்கு விடக்கூடிய வீட்டை மாத வாடகைக்குத் தர உரிமையாளருக்கு மனசு வராது. மே மாதம் கோடை விழா நேரத்தில் வாடகை பேசப் போவது, தீபாவளிக்கு முந்தின நாள் துணி எடுக்கப் போவது மாதிரிதான்.

வாடகையே வேண்டாம், நிலம் வாங்கி வீடு கட்டலாம் என்று இறங்குபவர்கள் அதிகம் யோசிக்க வேண்டும். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட இடம். சமவெளியில் கட்டுவதுபோல் நினைத்தபடி மண்ணை வெட்டிக் கட்டிவிட முடியாது. தனி அனுமதி வேண்டும். அதைவிட முக்கியம், இது மலையாளிப் பழங்குடி மக்களின் மலை. அவர்களுக்கு அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா நிலத்தை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், அது ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரத்தைப் பிடுங்குவது. சட்டத்திலும் நிற்காது. வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா எந்த வகை என்பது, இவற்றை வழக்கறிஞரிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தை அறுபது வயதுக்கு மேல் தொலைத்தால் திரும்பச் சம்பாதிக்க முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் என்ன செய்வது? ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. காய்ச்சல், சின்னக் காயங்களுக்கு அது போதும். மாரடைப்பு, பக்கவாதம் என்றால் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்கோ தனியார் மருத்துவமனைக்கோ இறங்கித்தான் ஆக வேண்டும். பகலிலேயே ஒரு மணி நேரம் ஆகலாம். இரவில் பனிமூட்டம், வழியில் காட்டெருமை. மழைக்காலத்தில் பாதையே இருக்குமா என்பது வேறு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருப்பது ஆறுதல்தான். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்துக்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும்.

நாமக்கல்காரர்கள் சிலர் கொல்லிமலையைச் சொல்வதுண்டு. அரப்பளீஸ்வரரும் ஆகாய கங்கையும் இருக்கும் அழகான மலை, ஏற்காட்டைவிடக் கூட்டம் குறைவு. ஆனால் 70 கொண்டை ஊசி வளைவுகள். மூட்டு வலிக்காரரை உட்கார வைத்து அதில் இறக்கிப் பார்த்தவர்கள் இரண்டாவது முறை அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

இதனால் மலை வேண்டாம் என்று ஆகாது. உடம்பு நன்றாக இருக்கும் 60 வயதுக்கும், மருந்துப் பெட்டியோடு நடக்கும் 75 வயதுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த நடுவில் இருக்கும் பத்து வருடத்தை மலையில் கழிப்பது நல்ல யோசனைதான், கீழே இருக்கும் வீட்டை விற்காமல் இருந்தால். சேலம் வீட்டை வாடகைக்கு விட்டு அந்தக் காசில் மேலே வாடகை கட்டலாம். இறங்க வேண்டிய நாள் வந்தால் திரும்பி வர ஒரு வாசல் இருக்கும். அதுவும் முடியாதவர்களுக்குக் கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி, கன்னங்குறிச்சி என்று மலையடிவாரப் பகுதிகள் இருக்கின்றன. மருத்துவமனை பக்கம், மலையும் கண்ணெதிரே. நினைத்தால் காலை பஸ்ஸில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம்.

போவது என்று முடிவு செய்தவர்கள் சோதனைக்கு மே மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மே மாதத்தில் எல்லோருக்கும் ஏற்காடு பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வீட்டை இரண்டு மாதத்துக்கு எடுத்துத் தங்கிப் பாருங்கள். துவைத்த துணி மூன்று நாள் காயாது, சுவரில் ஈரம் பூக்கும், ஏழு மணிக்கெல்லாம் தெரு அடங்கிவிடும். பேரப்பிள்ளைகள் அரையாண்டு விடுமுறைக்குத்தான் வருவார்கள். இருமல், மூச்சிரைப்பு, மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அதையும் தாண்டிப் பிடித்திருந்தால், கோடை மழை ஒன்று பெய்து தோட்டம் முழுக்கக் காபி வெள்ளையாகப் பூக்கும்வரை வாடகையை நீட்டிக்கலாம். மல்லிகைபோல வாசம் வீசும். பத்திரப்பதிவை அதற்கும் அடுத்த வருடம் யோசிக்கலாம்.