கல்வராயன் மலையில் ஆசிரியர் கற்கும் பாடம்

கள்ளக்குறிச்சியில் இறங்கிக் கச்சிராயபாளையம் செல்லும் பேருந்துக்குக் காத்திருந்த அரைமணி நேரத்தில், மரச்சிற்பக் கூடம் ஒன்றினுள் எட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டிற்று. இவ்வூர்ச் சிற்பங்களுக்கு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டதை வாசகர் அறிந்திருக்கலாம். உள்ளே முதியவர் ஒருவர் யாளி முகத்தைச் செதுக்கிக் கொண்டிருந்தார். அருகே இளைஞன் ஒருவன் அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றான். நாம் நின்ற நேரம் முழுவதும் அவர் அவனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒருமுறை மட்டும் அவன் உளி பிடித்த கோணத்தைத் தம் விரலால் சற்றே சாய்த்து விட்டார். கண்ணால் கற்கும் கல்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. பள்ளிக்கூடம் என்றதும் வாயும் காதும் முன்னே வந்து விடுகின்றன, அவ்வளவே.

நம்முடன் வந்த அம்மையார் செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பு ஆசிரியை. மலைப்பள்ளிகளுக்கு முறை வைத்துச் செல்பவர். அவருடைய வேலையைக் காண்பதே நம் பயணத்தின் நோக்கம்.

கோமுகி அணையைக் கடந்ததும் பாதை வளைந்து ஏறத் தொடங்குகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன், பெரும்பாலும் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் அடி உயரமுள்ளது. சாமையும் மரவள்ளியும் விளையும் சரிவுகள். இடையிடையே கடுக்காய் மரங்கள். இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், பெயர் எப்படியிருப்பினும், தமிழ் பேசுவோரே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது அவர்தம் மரபுவழிச் செய்தி. 1976-ஆம் ஆண்டு வரை இம்மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. சாலையும் பள்ளியும் மருந்தகமும் தாமதமாக ஏறிவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சமவெளி மக்களுக்கே எளிதில் எட்டாத சிறப்புக் கல்வி, குடிசைகள் சிதறிக் கிடக்கும் இம்மேட்டுக்கு எவ்வளவு மெல்ல வந்திருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

பேருந்தின் இரைச்சலில் ஆசிரியை ஒரு சோதனை வைத்தார். குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்து, “என்ன சொன்னேன்?” என்றார். “மாடு” என்றோம். “இல்லை, பாடு” என்றார். மறுபடி ஒன்று. “பணி” என்றோம், அவர் சொன்னது “மணி.” பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலவே தோன்றும், வேறுபாடு மூக்கிலும் தொண்டையிலும் இருக்கிறது. ‘காகம்’ என்ற சொல்லிலோ வாய் திறப்பதும், முடிவில் உதடு மூடுவதும் தவிர வேறெதுவும் கண்ணுக்குப் புலப்படாது. இலக்கணம் இன்னும் கடினம். ‘அண்ணன் தம்பியை அழைத்தான்’, ‘அண்ணனைத் தம்பி அழைத்தான்’ என்ற இரண்டிலும் யார் யாரை அழைத்தார் என்பதை ஓர் ஐகாரம் முடிவு செய்கிறது. அந்த ஐகாரம் பேச்சில் எத்துணை மெலிந்து ஒலிக்கிறது! காது கேளாப் பிள்ளைகள் எழுதும் வாக்கியங்களில் வேற்றுமை உருபுகள் உதிர்ந்து கிடப்பதைக் கண்டு அறிவுக்குறை என்று எண்ணும் ஆசிரியர் உண்டு. உருபு அவர்களை எட்டவே இல்லை என்பதுதான் உண்மை.

‘ஊமை’ என்று நாம் கூசாமல் வழங்கும் சொல்லும் பொருந்தாத ஒன்றே. இப்பிள்ளைகளில் மிகப் பலருக்குக் குரல்வளையில் எவ்விதக் குறையும் இல்லை. கேளாத மொழியைப் பேசக் கற்க இயலவில்லை, அவ்வளவே.

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர்ப் பள்ளியை அடைந்தோம். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி முன்வரிசையில் அமர்ந்திருந்தாள். வகுப்பாசிரியர் பெருமிதத்துடன் அவளுடைய குறிப்பேட்டை நீட்டினார். முத்து முத்தான எழுத்து. ஒரு பிழையும் இல்லை. சிறப்பு ஆசிரியை அந்த ஏட்டிலிருந்து ‘தண்ணீர்’ என்ற சொல்லைச் சுட்டிக் காட்டி, மூலையிலிருந்த பானையைப் பார்க்குமாறு சைகை செய்தார். சிறுமி அச்சொல்லை இன்னொரு முறை அழகாக எழுதிக் காட்டினாள். இரண்டாண்டுகளாக அவள் கோலம் போடுவது போலத் தமிழ் எழுதி வந்திருக்கிறாள். வகுப்பாசிரியரின் முகம் வாடிற்று. அவரைக் குறை கூறுவதற்கில்லை; கரும்பலகையைப் பார்த்தபடி முதுகு காட்டிப் பேசாதீர், முகத்தில் வெளிச்சம் விழுமாறு நில்லும் என்று அவருக்கு எவர் கற்பித்தார்?

ஆசிரியர் முதலில் மாணவராக வேண்டிய இந்நிலை பழையது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுத் துறவி பெத்ரோ போன்சே தெ லெயோன் பிரபுக் குடும்பத்துக் காது கேளாச் சிறுவருக்குக் கல்வி புகட்டினார். மௌனம் காக்கும் மடங்களில் கைச்சைகைகள் முன்பே வழக்கில் இருந்தன என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பாரிஸ் நகரில் 1760-ஐ ஒட்டி, குருவானவர் தெ லெப்பே காது கேளாச் சகோதரிகள் இருவரைச் சந்தித்தார். அவர்களுக்குக் கற்பிக்கப் புகுந்தவர், பாரிஸ் நகரக் காது கேளாதோரின் சைகைகளைத் தாமே கற்றுக்கொண்டார். அங்கிருந்தே பொதுப்பள்ளி எழுந்தது. நம் நாட்டில் 1880-களில் பம்பாய் ஆயர் லியோ மெய்ரின் முதற்பள்ளிக்கு வித்திட்டார். 1897-இல் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் பள்ளி தொடங்கினார்.

இடையில் ஒரு பெருந்தடை. 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சே உயர்ந்தது, சைகை விலக்கத்தக்கது என்று தீர்மானித்தது. அங்கு அமர்ந்திருந்தோர் ஏறக்குறைய அனைவரும் காது கேட்பவர்கள்! மொழியை இழப்பவர் ஒருபுறம், தீர்ப்பளிப்பவர் மறுபுறம். 2010-இல் வான்கூவர் மாநாடு அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. அதற்குள் நூற்று முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. பேச்சுப் பயிற்சி வீண் என்பது நம் கருத்தன்று. 1969-இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா போன்ற இடங்களில், தாய்மாரும் உடனமர்ந்து கற்கும் சிறுகுழந்தைகள் பேச்சில் தேறுகின்றனர். ஆனால் அங்கே குழந்தை மிகச் சிறு வயதிலேயே கண்டறியப்பட்டுவிடுகிறது. ஏழு வயது வரை எம்மொழியும் இல்லாத மலைச்சிறுமிக்கு, காதுக்கருவி வரட்டும், பேச்சு வரட்டும் என்று சைகையையும் மறுப்பது பசித்தவனுக்கு நாளை விருந்து என்று சொல்வது போலாகும்.

கருவியும் இருக்கத்தான் செய்தது. முகாமில் வழங்கப்பட்டது, பெட்டியில் உறங்கிற்று. கருவி மூக்குக்கண்ணாடி போன்றதன்று. அது தாயின் குரலோடு காற்றையும் பாத்திரத்தையும் சேவற்கூவலையும் சேர்த்துப் பெருக்குகிறது. பழகவும் பிரித்தறியவும் மாதங்கள் ஆகும். வளரும் பிள்ளையின் காது பெரிதாகப் பெரிதாக, காதுக்குள் வைக்கும் அச்சை மாற்ற வேண்டும். தளர்ந்தால் ‘கீச்’சென்று கத்தும். மலையின் ஈரம் அதற்கு ஆகாது. மின்கலம் தீர்ந்தால் கீழே இறங்கித்தான் வாங்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு முகாமின் கூட்டத்தில் எந்தத் தாய்க்கு யார் விளக்குவார்?

மாலையில் சிறுமியின் வீட்டிற்குச் சென்றோம். தகப்பனார் மேற்கே மிளகுத் தோட்ட வேலைக்குச் சென்றிருந்தார். “அவர் போனா மூணு நாளைக்குச் சோறு திங்கமாட்டா டீச்சர்” என்றார் தாய். “இனிமே வரமாட்டாருன்னு நெனைக்கிறா போல. வருவாருன்னு எப்படிச் சொல்றது?”

உண்பதற்கும், நீருக்கும், ஆட்டுக்கும், தலைப்பாகை கட்டுவது போன்ற அசைவால் தகப்பனாருக்கும் அவ்வீட்டில் சைகை உண்டு. நாளைக்கு இல்லை. ஏன், எப்போது என்பவற்றுக்கு இல்லை. ஆசிரியை பையைத் திறக்கவில்லை. “அக்கா, முதல்ல உங்க சைகையெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுங்க” என்று தாயின் எதிரே அமர்ந்தார். அரைமணி நேரம் தாய் கற்பித்தார். ஆசிரியை செய்து பார்த்தார். தவறியபோது சிறுமி சிரித்தாள். பின்னர் முற்றத்தில் கிடந்த கடுக்காய்களில் பன்னிரண்டை வரிசையாக வைத்து, கடைசிக் காய்க்கு அப்பால் தலைப்பாகைச் சைகையைச் செய்தார். உறங்கி எழுவது போல் காட்டி, ஒரு காயை எடுத்தார். மறுபடி உறக்கம், இன்னொரு காய். ஐந்தாவது காயில் சிறுமி அவர் கையைத் தடுத்து, மீதியைத் தானே ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியில் தலையில் கைவைத்துத் தலைப்பாகை கட்டினாள். காய்களை மீண்டும் வரிசைப்படுத்தித் தாயிடம் காட்டினாள்.

இதன்மேல்தான் இந்தியச் சைகை மொழியைக் கட்ட வேண்டும் என்றார் ஆசிரியை. அதில் வினாச்சொல் இறுதியில் நிற்கும் என்று அவர் சொன்னது நமக்குப் புதுச்செய்தி. 2015-இல் தில்லியில் இம்மொழிக்கெனத் தேசிய ஆய்வு, பயிற்சி மையம் அமைந்தது. 2021-இல் வெளிவந்த அதன் அகராதியில் பதினாயிரம் சொற்கள். ஆசிரியருக்குச் சைகை மொழிப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கூறுகிறது.

நற்செய்தியில் காது கேளாதவரைக் குணமாக்கும் நிகழ்ச்சியை இவ்வாசிரியை வேறு கண்ணால் படிக்கிறார். கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துச் சென்றது, காதையும் நாவையும் தொட்டது, அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டது அனைத்தும் அம்மனிதர் கண்ணால் புரிந்துகொள்ளக் கூடியவை என்றார்.

குழந்தை பிறந்த ஒரு மாதத்திற்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்திற்குள் பயிற்சி என்பது மருத்துவர் வகுத்துள்ள நெறி. கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மலைத்தாய்மார் அங்குச் சென்று கேட்கலாம். உள்காதில் பொருத்தும் கருவிக்கான முதலமைச்சர் காப்பீட்டு உதவி ஆறு வயதுக்குட்பட்டோருக்கே. இச்சிறுமிக்கு அந்த வாயில் மூடிவிட்டது. நெருங்கிய உறவில் மணம் முடித்த வீடுகளில் பிறந்த குழந்தை கதவு அறையும் ஒலிக்குத் திடுக்கிடாவிடில் காத்திருக்கவே கூடாது. காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் ஊற்றுவதும் கூடாது.

இனி என்ன? சமவெளியில் விடுதியுடன் கூடிய காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தால் அவளையொத்த பிள்ளைகள் நடுவே மொழி விரைந்து வளரும். ஆனால் தாயைப் பிரிய வேண்டும். விடுமுறைக்குத் திரும்புகையில் அவள் கைமொழி வீட்டில் எவருக்கும் விளங்காமற் போகலாம். இங்கேயே வைத்துக்கொண்டால் ஆசிரியை வரும் நாள்கள் மட்டுமே பாடம். நம்மைக் கேட்டால், தாயும் சைகை மொழி கற்கும் ஏற்பாட்டோடு விடுதிப்பள்ளியே நன்று என்போம். தாய் தலையசைக்கவில்லை. “அவர் வரட்டும் டீச்சர், கேட்டுச் சொல்றேன்” என்றார்.

மறுநாள் காலை வெள்ளிமலையில் பேருந்து ஏறும்போது, ஆசிரியை அந்த வீட்டின் சைகைகளை ஒரு குறிப்பேட்டில் படம் வரைந்து எழுதிக் கொண்டிருந்தார். இருபத்து மூன்று தேறின.