முதல் வில்

ஜார்க்கண்ட் மாநிலத்தில் சுவர்ணரேகை, கார்காய் என்னும் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் அமைந்த நகரம் ஜாம்ஷெட்பூர். அங்குள்ள ஆலைகளை நம்பிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றுள் ஒன்று கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலிருந்து வந்தது. அந்த வீட்டின் மூத்த மகள் ஏழாம் வகுப்பில் பயின்றாள். கோடை விடுமுறை தொடங்கிய அன்று மாலை, மிதிவண்டிக்கெனச் சேர்த்து வைத்த உண்டியலைத் தந்தையின் முன் வைத்து, “அப்பா, எனக்கு மிதிவண்டி வேண்டா. வில் வேண்டும்” என்றாள்.

தந்தை பெரிதும் வியப்படையவில்லை. 1996ஆம் ஆண்டு முதல் வில்வித்தைப் பயிற்சிக் கழகம் ஒன்று இயங்கும் ஊர் அது. ராஞ்சிக்கு அருகே எளிய குடும்பத்தில் பிறந்து, மூங்கில் வில்லில் தொடங்கி, உலகின் முதல்நிலை வீராங்கனையாக உயர்ந்த தீபிகா குமாரி பயின்றதும் அங்குதான். ஆயினும் தந்தைக்கு வேறொரு நினைவும் எழுந்தது. ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு போற்றும் வல்வில் ஓரி ஆண்டது அவருடைய சொந்த மலையை அல்லவா? ஓரியின் நாட்டார் ஒருவர் வில்லுக்கு மறுப்புச் சொல்வது முறையாகாது என்று அவர் எண்ணியிருக்கலாம்.

மறுநாள் இருவரும் விளையாட்டுப் பொருள் கடைக்குச் சென்றனர். கண்ணாடியிழையால் ஆன கருநிற வில்லொன்று சிறுமியைக் கவர்ந்தது. அதன் மேல் ‘28 அங்குலத்தில் 40 பவுண்டு’ என்று எழுதியிருந்தது. நாணை 28 அங்குலம் இழுத்து நிறுத்துவதற்குச் சுமார் 18 கிலோ எடையைத் தாங்கும் வலிமை வேண்டும் என்பது அதன் பொருள். அவளோ அதைப் பாதி இழுப்பதற்குள் தோள்கள் காதளவு உயர்ந்து, கை நடுங்கத் தொடங்கிவிட்டாள். “பழகப் பழக வலிமை வந்துவிடும்” என்றார் கடைக்காரர். முதல் வில் வாங்குவோர் பலரும் தவறுவது இவ்விடத்தில்தான். தன் வலிமைக்கு மிஞ்சிய வில்லை ஏந்துபவர் குறி பார்க்கக் கற்பதில்லை. இழுத்த நாணை எப்போது விடலாம் என்று ஏங்க மட்டுமே கற்கிறார். தந்தை விலையைக் கேட்டார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஆலையில் அவருடன் பணிபுரிந்த நண்பர் ஒருவர் ஹோ பழங்குடியைச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை அவர்களைத் தம் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். செம்மண் பூசிய சுவரில் மூன்று வில்கள் தொங்கின. நண்பரின் தந்தை எழுபது வயதைக் கடந்தவர். உரையாடல் இந்தியில் நடந்தது. எனினும் ‘சர்’ என்றால் ஹோ மொழியில் அம்பு என்று கேட்டதும், தமிழிலும் ‘சரம்’ என்னும் சொல் அம்பைக் குறிப்பதைச் சொல்லிச் சிறுமி மகிழ்ந்தாள்.

முதியவர் வில்லைக் கையில் கொடுக்கவில்லை. முதலில் அவளையே அளந்தார். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, ஒரு விரல்நுனி முதல் மறு விரல்நுனி வரை கயிறு பிடித்தார். 150 சென்டிமீட்டர் இருந்தது. அதை இரண்டரையால் வகுத்தால் அவள் நாணை இழுக்கும் நீளம் ஏறத்தாழக் கிடைக்கும். அதாவது 60 சென்டிமீட்டர். அம்பு அதைவிடச் சிறிது நீண்டிருக்க வேண்டும். குட்டையான அம்பு இழுக்கும்போது வில்லுக்குள் நழுவி, வில் பிடித்த கையையே துளைத்துவிடக்கூடும். பிறகு இரு உள்ளங்கைகளுக்கு இடையே சிறு இடைவெளி அமைத்து அதன் வழியே தொலைவிலுள்ள பனைமரத்தைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு கண்ணாக மூடியபோது வலக்கண்ணுக்கு மட்டும் மரம் இடைவெளிக்குள் நின்றது. ஆகவே அவள் இடக்கையில் வில்லைப் பிடித்து வலக்கையால் இழுக்க வேண்டியவள்.

அதன் பின்னரே சுவரிலிருந்த சிறிய வில் இறங்கி வந்தது. மூங்கிலின் பளபளப்பான வெளித்தோல் இலக்கைப் பார்த்த பக்கத்தில் இருந்தது. வில் வளையும்போது அந்தப் பக்கம் நீள்கிறது. நீட்சியைத் தாங்கும் நார்கள் மூங்கிலின் வெளித்தோலை ஒட்டியே நெருக்கமாக அமைந்துள்ளன. நாணும் கயிறன்று, மெல்லிதாகச் சீவிய மூங்கிற்பட்டை. முதியவர் நாணைப் பற்றுகையில் கட்டைவிரலைச் சேர்க்கவே இல்லை. சிறுமிக்கு ஏகலைவன் நினைவுக்கு வந்தான். மங்கோலியாவிலும் கொரியாவிலும் மரபு வில்லாளர் கட்டைவிரலாலேயே நாணை இழுக்கின்றனர் என்பதும், இக்காலப் போட்டிகளில் ஆள்காட்டி விரல் முதல் மூன்று விரல்களே போதும் என்பதும் பிற்பாடு அவள் அறிந்துகொண்டவை.

“தாத்தா, இந்த வில்லால் முயலை அடிக்கலாமா?” என்று கேட்டாள்.

முதியவர் பரணிலிருந்து ஓர் அம்பை எடுத்தார். அதன் முனையில் இரும்பு இல்லை; மரக்குமிழ் இருந்தது. பறவைகளை அடிப்பதற்கான மொட்டை அம்பு அது. இளமையில் அதைக் கொண்டு கௌதாரி அடித்திருப்பதாகவும், அன்றைய இரவு உணவு அதைப் பொறுத்தே அமைந்ததாகவும் மறைக்காமல் கூறினார். “இப்போது சட்டம் இடம் தருவதில்லை. காட்டிலும் முன்போல் ஒன்றும் இல்லை” என்றார். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி முயலும் கௌதாரியும் பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். இதே மலைகளில் ஆண்டுதோறும் கோடையில் நிகழும் ‘செந்த்ரா’ என்னும் மரபு வேட்டையைக் கைவிடுமாறு வனத்துறையினர் ஊரூராகச் சென்று வேண்டுகின்றனர். 1855இல் சந்தால் மக்கள் ஆங்கிலேயரின் துப்பாக்கிகளை எதிர்த்து நின்றதும் வில்லேந்தித்தான். அத்தகைய கருவியைச் சுவரில் மாட்டிவிட்டு அமர்ந்திருப்பது எளிதன்று என்பதை அவருடைய குரல் காட்டியது.

தேநீர் அருந்தப் பெரியவர்கள் உள்ளே சென்றனர். வில் சிறுமியின் கையில் இருந்தது. அம்பு தொடுக்காமலே நாணை இழுத்தாள், விட்டாள். சடீரென்று ஓர் ஒலி எழுந்தது. மேற்பகுதியில் மயிரிழை போன்ற ஒரு விரிசல் ஓடியிருந்தது.

அம்பின்றி நாணை விடக்கூடாது என்று அவளுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. வளைந்த வில்லில் சேர்ந்த விசையை அம்பு வாங்கிக்கொண்டு பறக்கிறது. அம்பு இல்லையெனில் அவ்விசை வில்லையே தாக்குகிறது. இதை அறியாத சிறுமிக்கு வில்லைச் சுவரில் மாட்டிவிட்டு வாய் மூடி நிற்க மட்டும் தெரிந்தது. விடைபெறும்போது முதியவர், “இது என் பேரனின் வில். நாளை மாடு மேய்க்கப் போகும்போது எடுத்துச் செல்வான். அடுத்த வாரம் உனக்கொன்று செய்து தருகிறேன்” என்றார்.

அன்றிரவு அவள் உண்ணவில்லை. விரிசல் கண்ட வில்லை முழுதும் இழுத்தால் என்ன நேரும் என்று தந்தையிடம் பொதுவாகக் கேட்பவள்போல் கேட்டாள். “உடைந்து தெறிக்கும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். ஏன் கண்ணு கேட்கிறாய்?” என்றார் அவர். அழுகையினூடே அனைத்தும் வெளிப்பட்டன. நண்பரின் தொலைபேசி அணைந்திருந்தது. விடியும் முன்பே தந்தையும் மகளும் ஸ்கூட்டரில் புறப்பட்டனர்.

அவர்கள் சென்றபோது சுவரில் இரண்டு வில்களே தொங்கின. முதியவர் செய்தியைக் கேட்டார். ஒரு சொல்லும் பேசாமல் வேகமாக நடந்தார். அவ்வளவு விரைவாக அவரால் நடக்க முடியும் என்று சிறுமி எண்ணியதில்லை. ஆற்றங்கரை மேட்டில் அவளை ஒத்த வயதுடைய சிறுவன் மாங்காய் தின்றுகொண்டிருந்தான். நாணேற்றிய வில் அவன் மடியில் கிடந்தது. இன்னும் ஓர் அம்பும் எய்யவில்லை. முதியவர் அதை வாங்கி, விரிசலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தார். சிறுவனின் முகம் சிவந்தது. அவ்வில்லை அவனும் சேர்ந்துதான் சீவியிருந்தான்.

சிறுமி உண்டியலை நீட்டினாள். முதியவர் அதை வாங்கவில்லை. “விடுமுறை இன்னும் எத்தனை நாள்?” என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அவள் அங்கே சென்றாள். அடுப்புக்கு மேலே புகையில் உலர்ந்த மூங்கில்கள் இருந்தன. அவை குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை. கோடையில் வெட்டினால் வண்டு எளிதில் துளைத்துவிடும். முதல் வில் சிறுவனுக்கு. அவன் இரண்டு வாரங்கள் அவளுடன் பேசவில்லை. சீவிய சிலாம்புகளைப் பெருக்கும் வேலையை மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுத்தான். மூன்றாம் வாரம், “இங்கே இன்னும் தடிமன்; வளையாது” என்று அவளுடைய வில்லைத் தொட்டுக் காட்டினான். எடை பார்க்க முதியவர் தராசு தேடவில்லை. வில்லை உத்தரத்தில் மாட்டி, நாணில் 7 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டார். நாண் 60 சென்டிமீட்டர் குறிவரை இறங்கும்படி இரு பக்கமும் சிறிது சிறிதாகச் சீவினார். பின்பு அம்பு தொடுத்து இழுத்துப் பத்து வரை எண்ணச் சொன்னார். அவள் கை நடுங்காமல் எண்ணினாள். ஏழுக்கு மேல் விரைந்து எண்ணினாள் என்று சிறுவன் முறையிட்டதால் மீண்டும் எண்ண வேண்டியதாயிற்று.

வீட்டுக் கொல்லையில் மதிற்சுவரை ஒட்டி வைக்கோற்கட்டுகளை அடுக்கினர். பத்து அடி தொலைவுதான். மரம் அல்லது மூங்கிலாலான வில்லுடன் ஆடப்படும் ‘இந்தியச் சுற்று’ப் போட்டியில் இலக்குகள் 30, 50 மீட்டர் தொலைவில் நிற்கும் என்று தந்தை சொன்னபோது, அவ்வளவு தொலைவு நம் கொல்லையில் இல்லையே என்று அவள் கவலைப்பட்டாள். முதல் நாளில் எய்த இருபது அம்புகளில் ஆறு வைக்கோலில் நின்றன. மாலையில் நாணைக் கழற்றி வில்லைத் தளர்த்தி வைக்கும் வேளையில் தந்தை, “ஒரே ஒரு முறை” என்று கை நீட்டினார். சேந்தமங்கலத்தார் நிமிர்ந்து நின்று, மூச்சடக்கி, நெடுநேரம் குறி பார்த்து எய்தார். அம்பு வைக்கோலுக்கு மேலே பறந்து அடுத்த வீட்டுப் பாகற்பந்தலில் சிக்கியது. அதைக் கேட்டு வாங்கி வரும் பொறுப்பு மகளுடையதாயிற்று.