வர்த்தக சேவை வளர்த்த தமிழ்

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு தெற்கே செல்லும் பெருவீதி அக்கரைப்பற்றைத் தொட்டதும், என் ஜன்ம பூமியாகிய ஆலையடிவேம்பு அதனோடு ஒட்டியபடியே வந்துவிடுகிறது. முஸ்லிம் ஊர் எங்கே முடிகிறது, தமிழ் ஊர் எங்கே தொடங்குகிறது என்பதை அயலார் கண்டுகொள்வது அரிது. யுத்த காலத்தில் மட்டும் அந்த எல்லை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நெடுங்காலம் கனடாவில் வசித்துவிட்டுத் திரும்பிய எனக்கு, அந்த எல்லையை மதியாமல் எங்கள் பால்ய காலத்தில் வீட்டுக்கு வீடு புகுந்த ஒரு குரலின் ஞாபகமே முதலில் வந்தது.

இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைத்தான் சொல்கிறேன். அதன் பூர்வோத்தரம் விசித்திரமானது. மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படையினருக்காகக் கொழும்பிலிருந்து நடத்தப்பட்ட சியாக் வானொலி, விடைபெறும்போது ஏக்கலவிலிருந்த 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பு யந்திரத்தை இலங்கை அரசாங்கத்திடம் விட்டுச் சென்றது. ஒரு சிறு தீவின் தேவைக்குப் பன்மடங்கு மிஞ்சிய அந்தச் சக்தியைக் காசாக்கும் உபாயமாக, கிளிபோர்ட் டொட் என்ற அவுஸ்திரேலியரின் நிர்வாகத்தில் 1950இல் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கவே, அங்குள்ள நேயர்கள் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பினர். சவர்க்காரமும் பற்பசையும் விற்ற வணிகர்களும் அவர்களைப் பின்தொடர்ந்தனர். 1957இல் விவித பாரதி தோன்றியதற்கு இந்தப் போட்டி ஒரு முக்கிய காரணம்.

தமிழில் அந்தச் சேவையின் முன்னோடி எஸ். பி. மயில்வாகனம், அவருக்குப் பின் ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் எனக் கீர்த்தி பெற்ற ஒரு பரம்பரையே எழுந்தது. தமிழகத்து நேயருக்கும் எங்கள் கரையோரத்து வெள்ளாண்மைக்காரருக்கும் ஒரே விளம்பரம் விளங்கவேண்டுமென்ற வியாபார நியாயத்தால், ஊர்வாசனை படியாத, உச்சரிப்புச் சுத்தமான ஒரு தமிழை அவர்கள் கையாண்டனர். குரலைக் கொண்டு அறிவிப்பாளரின் ஊரையோ மதத்தையோ எவராலும் சொல்ல இயலாது. அறுவடைக் காலத்தில் வயல்வாடியில் தோலுறையோடு தொங்கிய டிரான்சிஸ்டரில், சிற்றலை ஏறியும் இறங்கியும் கரகரத்தபோதுகூட, அவர்களுடைய ழகரம் சிதையாமல் எங்களை வந்தடைந்தது. அதைப் பாவனை செய்த சிறுவர்களாகிய நாங்கள், வீட்டில் பேசிய தமிழை மெல்ல மெல்ல ஈனமாக எண்ணத் தலைப்பட்டோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இம்முறை அக்கரைப்பற்றில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நான் பேசியதைச் சற்று நேரம் செவிமடுத்த முதியவர் ஒருவர், "தம்பி, பழைய றேடியோக்காரங்க மாதிரிக் கதைக்கிறீங்களே, நீங்க யார்ர மகன்?" என்று வினவினார். ஊர்ப் பேச்சில் பேசியிருந்தால் என் குடும்பத்தை அவரே பாதி ஊகித்திருப்பார்.

அதே இலங்கை வானொலியின் பிராந்திய சேவையான பிறை எப்.எம். பக்கத்து அட்டாளைச்சேனையில் தொடங்கப்பட்டது, தூரத்துக் குரலை மட்டுமே அறிந்திருந்த என் தலைமுறைக்கு ஓர் ஆச்சரியமே. ஊர்த் தமிழுக்கு வானொலியில் இடம் கிடைப்பது நியாயமானது, தாமதமானதுங்கூட. ஆயினும், பேச்சைக் கேட்டே ஒருவன் எந்தப் பக்கத்தவன் என்று தரம்பிரித்த காலத்தையும் கண்டவனாதலால், பக்கம் தெரியாத ஒரு தமிழை, லாப நோக்கம் ஒன்றினாலேயே ஆயினும், ஒரு வியாபார நிலையம் எங்களுக்குக் கற்பித்துச் சென்றதை நான் அற்பமாக மதிப்பதற்கில்லை.