ஒரே ஒரு வரி... மண்டியில் காணாமல்போன பெயர்கள்!

"ஏம்மா, உங்க அப்பா பேரே கேள்விக்குறியா வருதே!"

விழுப்புரத்தில் ஒரு நெல் மண்டி. கணக்குப்பிள்ளை இப்படிச் சொன்னதும் அந்தப் பெண்ணுக்குக் கை சில்லிட்டுப்போனது. கோலியனூர்க்காரர், வயது 24. மண்டியின் பில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அவர் அப்பாவும் அங்கேதான் நெல் போடுகிறார். திரையில் விவசாயிகளின் பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் '?????' என்று நின்றது.

காரணம், முந்தைய நாள் மாலை நடந்தது. சம்பா அறுவடை நேரம். பில் மெதுவாக வருகிறது என்று எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். மண்டிக் கணக்கு முழுக்க 'மைஎஸ்க்யூஎல்' என்ற டேட்டாபேஸில் இருக்கிறது. அது இயல்பாக எடுத்துக்கொள்ளும் நினைவகம் 128 எம்பிதான். அதை 800 ஆக்க நினைத்தவர், அவசரத்தில் ஒரு பூஜ்யம் கூடுதலாகத் தட்டிவிட்டார். 4 ஜிபி கம்ப்யூட்டரால் 8,000 எம்பியைத் தர முடியுமா? சர்வர் எழுந்திருக்கவே இல்லை.

பதற்றத்தில் செட்டிங்ஸ் ஃபைலையே நீக்கிவிட்டு, 'டீஃபால்ட்' நிலைக்குத் திரும்பினார். சர்வர் ஓடியது. நிம்மதியாக வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

போனை ரீசெட் செய்தால் கோளாறோடு சேர்ந்து நாம் போட்டுவைத்த தமிழ் கீபோர்டும் போய்விடும் அல்லவா? இங்கேயும் அதுதான் நடந்தது. அந்த ஃபைலில் முன்பு யாரோ சேர்த்த ஒரு வரி இருந்தது. தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே அனுப்பச் சொல்லும் வரி அது. அதுவும் சேர்ந்து போய்விட்டது.

மைஎஸ்க்யூஎல் 1995-ல் ஸ்வீடனில் பிறந்தது. அதன் பழைய டீஃபால்ட், ஐரோப்பிய எழுத்துகளுக்கான 'லத்தீன்1'. பெயர்களை வரிசைப்படுத்துவதுகூட ஸ்வீடிஷ் முறையில்தான்! 2018-ல் வந்த 8.0 பதிப்பில்தான், உலக மொழிகளையெல்லாம் ஏற்கும் 'யூடிஎஃப்8எம்பி4' டீஃபால்ட் ஆனது. மண்டியில் இருந்ததோ பழைய 5.7 பதிப்பு.

விட்டுப்போன வரியைத் திரும்பச் சேர்த்து, சர்வரை மறுபடி ஓடவிட்டார். பெயர்கள் திரும்பின. ஆனால், 11 பெயர்கள் மட்டும் வரவில்லை. காலையில் கணக்குப்பிள்ளை அந்த 11 கணக்குகளைத் திறந்து, 'சேவ்' கொடுத்திருந்தார். அதுவரை திரையில் மட்டும் இருந்த கேள்விக்குறி, அப்போது நிஜமாகவே பெயரின் இடத்தில் பதிந்துவிட்டது. அவர் அப்பாவின் பெயரும் அதில் ஒன்று.

யார் கணக்கில் எவ்வளவு பாக்கி என்ற தொகை இருந்தது. யாருடையது என்பதுதான் இல்லை.

முதலாளியிடம் போய், "தப்பு என் மேலதாங்க ஐயா. பில் போடுறதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க" என்றார். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "முதல்ல பேரைக் கண்டுபிடிம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்த பேக்கப்பில் 9 பெயர்கள் கிடைத்தன. மீதி 2 பேர் அதற்குப் பிறகு சேர்ந்த புது ஆட்கள். எடைச் சீட்டு அடிக்கட்டைகளைப் புரட்டி, மூட்டைக் கணக்கை வைத்து அவர்களையும் பிடித்தபோது மதியம் மூன்று மணி.

டீஃபால்ட் என்றால் 'சரியானது' என்று அர்த்தமில்லை. நம்மைத் தெரியாத ஒருவர், எல்லோருக்கும் பொதுவாக வைத்தது. அதற்குத் திரும்புவதில் தவறில்லை. திரும்பும் முன் பழைய ஃபைலை நகல் எடுக்க வேண்டும். அதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, உடனே சோதிக்க வேண்டும். திரும்பிய பிறகு, 'ஓடுகிறதா?' என்பதோடு நிறுத்தாமல், பழைய கணக்கு ஒன்றையும் திறந்து பார்க்க வேண்டும்.

அன்று இரவு சாப்பிடும்போது அப்பா கேட்டது ஒன்றுதான்: "என் பேரு வந்துடுச்சா பாப்பா?"

இப்போது அந்த ஃபைலில் ஒவ்வொரு வரிக்கு மேலும் காரணம் எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரிக்கு மேல் மட்டும் இப்படி: 'இதை எடுக்காதே. எடுத்தால் தமிழ் போய்விடும்.'