படித்தோம், பெயரைத் தேடினோம்

சென்ற கோடையில் நான்கு நூல்களைப் படித்தோம். நான்கும் நம் சேலம், நாமக்கல் சமவெளி ஈன்ற எழுத்தாளர்களின் படைப்புகள். அவற்றைத் தராசில் இட்டு நிறுக்கும் புலமை நமக்கில்லை. படித்தபோது நெஞ்சில் பட்டதைச் சொல்லும் உரிமை உண்டு. அந்த உரிமையோடு எழுதுகிறோம்.

முதல் நூல், நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் ‘என் கதை’. 1888இல் மோகனூரில் பிறந்தவர். காவல் துறையில் பணியாற்றியவரின் மைந்தர். தூரிகை பிடித்த கையால் எழுதுகோலும் பிடித்தவர். காந்தியார் வழி நின்ற அவருக்கும் நமக்கும் கருத்திலே தொலைவு உண்டு. உண்டானால் என்ன? அவருடைய ‘மலைக்கள்ளன்’ 1954இல் திரைப்படமானபோது உரையாடல் தீட்டியவர் கலைஞர் அல்லவா! திண்ணையில் அமர்ந்து ஒரு பெரியவர் தம் வாழ்வைச் சொல்லக் கேட்பது போன்ற நடை. இளைஞர்கள் படிக்க வேண்டும். படித்துவிட்டு வாதாடவும் வேண்டும்.

மற்ற மூன்றும் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பிறந்த பெருமாள்முருகனின் புதினங்கள். 1991இல் வந்த ‘ஏறுவெயில்’, குடியிருப்புகள் எழுவதற்காக நிலத்தை இழந்த உழவர் குடும்பத்தின் கதை. நாம் குடியிருக்கும் வீடும் ஒரு காலத்தில் சோளக்காடுதான். மனைவிலை கேட்டோம், பத்திரம் பார்த்தோம். அந்தக் காட்டை உழுதவர் எங்கே போனார் என்று கேட்டோமா? இந்த நூல் கேட்க வைத்தது. வட்டாரச் சொற்கள் வெளியூர் வாசகரைச் சற்றே தடுக்கக்கூடும். நமக்கோ அவை பாட்டியின் குரல்.

2013இல் வெளிவந்தது ‘பூக்குழி’. சாதி கடந்து மணந்த குமரேசனையும் சரோஜாவையும் ஊர் எப்படிச் சூழ்ந்தது என்பதே கதை. எந்தச் சாதி என்று ஆசிரியர் எங்கும் சொல்லவில்லை. முதலில் அதைக் குறை என்றே எண்ணினோம். பிறகு விளங்கிற்று: பெயரைச் சொல்லியிருந்தால், ‘அது அடுத்தவன் சாதி’ என்று நாம் நழுவியிருப்போம்! கதைதானே என்கிறீர்களா? நூல் வந்த ஈராண்டில், 2015 சூன் திங்களில், ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி இளைஞர் ஒருவர் திருச்செங்கோட்டில் கடத்தப்பட்டுப் பள்ளிபாளையம் அருகே இருப்புப்பாதையில் பிணமாகக் கிடந்தார். வேற்றுச் சாதிப் பெண்ணோடு பழகியதே அவர் செய்த குற்றம். 2022இல் நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தண்டனை கிடைத்தது, உயிர் கிடைத்ததா?

கடைசியாகப் படித்தது ‘கூளமாதாரி’. 2000ஆம் ஆண்டு வெளிவந்த இந்த நூலைப் பற்றித்தான் மிகுதியாகச் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லத்தான் நா எழவில்லை. கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியச் சிறுவன் கூளையன். பனங்காடும், மேய்ச்சல் நிலமும், கூட்டாளிகளும், பட்டியில் கழியும் இரவுகளும் அவன் உலகம். ஆசிரியர் எவரையும் ஏசவில்லை. நம் கையைப் பிடித்து அவனோடு நடக்கவிட்டார். அதுவே போதுமானதாக இருந்தது.

ஏனெனில், நம் வீட்டிலும் ஒரு சிறுவன் இருந்தான். நம் வயதுதான் அவனுக்கும். நாம் பையைத் தூக்கிப் பள்ளிக்குப் போனோம். அவன் கோலைத் தூக்கி ஆடுகளின் பின்னே போனான். நமக்கு வெண்கலக் கும்பாவில் சோறு. அவனுக்குத் தொண்டுப்பட்டி ஓரத்தில் கொட்டாங்குச்சியில் கூழ். இரவிலே நாம் கட்டிலில் படுத்தோம். அவன் ஆடுகளுக்குக் காவலாய்ப் பட்டியிலே படுத்தான். அதை அநீதி என்று நாம் எண்ணியதில்லை. வழக்கம் என்றே எண்ணினோம்.

நூலை மூடியதும் அவன் பெயரை நினைத்துப் பார்த்தோம். வரவில்லை. முதுமையில் இருக்கும் அன்னையைக் கேட்டோம். “ஆட்டுக்காரப் பையன்தானே, கண்ணு?” என்றார். பெயர் அவருக்கும் தெரியவில்லை. வண்டி மாடுகளின் பெயர்களைக் கேட்டோம். செவலை, மயிலை என்று உடனே சொன்னார்!

1944இல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றம் பெற்றதை மேடைதோறும் பெருமையோடு பேசியவர்கள் நாம். ஓர் இயக்கத்தின் பெயர் மாறிய ஆண்டை அறிந்திருந்தோம். நம் பட்டியில் உறங்கிய பிள்ளையின் பெயரை அறியவில்லை.

அன்பர்களே! ‘கூளமாதாரி’யை வாங்கிப் படியுங்கள். படித்து முடித்ததும், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பெயரைக் கேளுங்கள். நாம் இன்னமும் ஊரிலே விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.