கூரைமேல் ஒரு சிறு தட்டு

தென்மாவட்டத்து வீட்டுக் கூரைகளில் இரும்புக் குழாய்மேல் உயர்ந்து நின்ற ஆண்டெனாக்களை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். சென்னை ஒளிபரப்பு எட்டாத நம்மவர், 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைக் காண அவற்றை நட்டனர். பின்னர் கொடைக்கானல் மலையிலிருந்து தூர்தர்ஷன் வந்தது. அதன்பின் கேபிள்.

இன்று கேபிளை நிறுத்த விரும்பும் சிவகாசிக் குடும்பங்கள் பழைய ஆண்டெனாவைத் தேடிப் பயனில்லை. தரைவழி ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் 2022க்குள் ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிட்டது. 2004இல் அது தொடங்கிய செயற்கைக்கோள் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷே இப்போதுள்ள வழி. தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். மாதச் சந்தா இல்லை. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை விதித்தபின் பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. கூலியற்ற அம்மாதங்களிலும் வாசலில் வந்து நின்ற சந்தாவின் சுமையை இப்பகுதியார்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இழப்பும் உண்டு. தாய்மார் விரும்பும் தனியார் தொடர்களில் பெரும்பாலானவை அதில் வாரா. நாளெல்லாம் வெடிக்குழாய் சுற்றிய கைகளுக்கு அந்த அரைமணி நேரமே ஓய்வு. அதனை அற்பமென்று நாம் தள்ளிவிடோம்.

ஆயினும் பெட்டிகள் பலவற்றில் பென்டிரைவைச் செருகி நிகழ்ச்சியைப் பதிவுசெய்யலாம். மாலைச் செய்தியை உணவுக்குப்பின் காணலாம்; திரைப்படத்தை ஞாயிறு பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டார் சேர்ந்து உண்ணும் நேரத்தைத் தொலைக்காட்சி குறிக்காதிருப்பது, சந்தா மிச்சத்தினும் நமக்குப் பெரிதாகப்படுகிறது. பதிவு வசதி உண்டா எனக் கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்க. தட்டு தென்கிழக்கு வானை நோக்கவேண்டும். வேப்பங்கிளை மறைத்தால் படம் வாராது.